நீலமலை மாந்தர்மேல் ஒரு பொய்ச்சாட்சி

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 28:1–6



இவ்வாரம் ஒரு நூலை எதிர்த்து எழுதுகிறேன். நம் வாலிபர் கூட்டத்தில் சில மாதங்களாக அது கைமாறி வருகிறது. “நம் மலையைப் பற்றிய திகில் கதை, ஐயா, வாசித்துப் பாருங்கள்” என்று ஒரு தம்பி எனக்கும் கொடுத்தார். பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியது. ரஷ்ய மொழியில் 1884, 1885 ஆண்டுகளில் ஒரு மாத இதழில் தொடராக வந்து, 1930இல் ஆங்கிலமாயிற்று. ‘நீலமலை மக்கள்’ என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கலாம். பயணநூல் என்ற பெயரில் வந்தாலும் அதை ஓர் இருண்ட மாயப் புதினமாக அன்றி வேறு எவ்வகையிலும் வாசிக்க இயலாது.

நான் எதிர்பார்ப்போடுதான் திறந்தேன். ஆடி மாத மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத சாலையில் நடந்தவர்கள் நாம். சோலைக்காட்டின் இருளும், ஆளற்ற பழைய பங்களாக்களும், இரவில் தகரக் கூரைமேல் விழும் மழையின் ஓசையும் அச்சக் கதைக்கென்றே அமைந்தவை. இவற்றை ஒரு தேர்ந்த கை எழுதினால் எப்படியிருக்கும் என்ற ஆவல் எனக்கும் உண்டு. வாசித்து முடித்தபோது மிஞ்சியது ஏமாற்றமே. நூலில் பனி இருக்கிறது, காடு இருக்கிறது. இம்மலையில் வாழ்கிற மனிதர் மட்டும் இல்லை. அவர்களுடைய இடத்தில் தேவர்களும் பூதங்களும் நடமாடுகின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். ‘ஆயர் ஐயா கதை வாசிக்காதே என்கிறார்’ என்று யாரும் சொல்லிக்கொண்டு போகவேண்டாம். இருண்ட கற்பனைக்கு நான் பகைவன் அல்லன். எந்தோரின் அஞ்சனக்காரி இரவில் சவுல் ராஜாவுக்கு விருந்து சமைத்ததும், கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்குள் ஒருவன் கூக்குரலிட்டுத் திரிந்ததும், எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் நம் வேதாகமத்தில்தான் இருக்கின்றன. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட டிராகுலா கதையை நானும் செமினரி நாட்களில் வாசித்தேன். அதில் திருவிருந்தின் அப்பத்தை மந்திரத் தகடுபோலப் பயன்படுத்துவது எனக்கு உவப்பாயில்லை; எனினும் அந்தப் பிரபு கற்பனைப் பாத்திரம் என்பதை வாசகன் அறிவான். பிளாவட்ஸ்கி அம்மையார் பூதமாக்கியவர்களோ கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கீழுள்ள சரிவுகளில் இன்றும் வீடும் பெயரும் குடும்ப அட்டையும் உள்ளவர்கள்.

நூல் சொல்வது சுருக்கமாக இது. தோடர்கள் உயர்ந்த உருவமும் பெருந்தோற்றமும் உடைய தேவர் அனையார், ஆயுதம் அறியாதவர், பொய் சொல்லாதவர், தம் மறைஞானத்தால் தீமையை விலக்குபவர். அவர்களுக்கு எதிர்ப்புறத்தில் முள்ளுக் குறும்பர்கள். குள்ளர், அருவருப்பானவர், பார்வையாலேயே மனிதரைக் கொல்லும் சூனியக்காரர். இவ்விருவருக்கும் இடையில் நடுங்கி வாழ்பவர்கள் படுகர்கள். கோவை கலெக்டர் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் மலையேறிவந்த மெய்யான செய்திகூட இவர் கையில் மாயலோகப் பயணமாக மாறிவிடுகிறது.

அம்மையார் 1883ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் உதகைக்கு வந்து, மார்கன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரின் இல்லத்தில் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கினார். ஆனால் தோடர்களை மர்மக் குலமாகத் தீட்டும் பணியை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல் வெளியிட்ட தம் பெருநூலில் தொடங்கிவிட்டார். வந்து பார்த்து எழுதியதல்ல. எழுதிவிட்டு வந்து பார்த்தது.

இதே மலைக்கு மற்றொருவரும் ஓர் எதிர்பார்ப்போடு வந்தார். 1603இல் பெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு, தோமா வழிவந்த பழங்கிறிஸ்தவர்கள் இம்மலையில் மறைந்து வாழ்வதாகக் கேள்விப்பட்டு மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்தார். அவர் கண்டது எருமை மேய்க்கும் தோடர்களை. அவர்கள் கிறிஸ்தவர்களும் அல்லர், அதற்கான அடையாளம் எதுவும் அவர்களிடம் இல்லை. எப்படியாவது ஒரு சிலுவையைக் கண்டுபிடித்ததாக அவர் எழுதியிருக்கலாம். ஊரில் அதைக் கேட்டு மகிழப் பலர் காத்திருந்தனர். அவரோ தாம் கண்டதையே எழுதினார். தேடிப்போனது கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்தக் கடிதம்தான் தோடர்களைப் பற்றிய மிகப் பழைய நேர்ச்சாட்சிகளுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

இனி மெய்யான இருளுக்கு வருவோம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் குறும்பர் பகுதியைத் திறந்து பாருங்கள். 1835இல் பல குறும்பர்கள் கொல்லப்பட்டனர். 1875இலும் 1882இலும் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் கொலைகள் நடந்தன. 1900இல் ஒரு குடும்பம் முழுவதுமே கொல்லப்பட்டது; அதன் தலைவர் மருந்தும் மந்திரமும் அறிந்தவர் என்று பெயர்பெற்றவர், ஒரு படுகர் ஊருக்கு நோயையும் சாவையும் வரவழைத்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட பழி. சுற்றுவட்டாரம் முழுவதும் கொன்றவர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே கடினமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாயினர்.

அத்தனை பேர் என்பதைச் சற்று நின்று எண்ணுங்கள். நம் சிற்றாலயத்தின் ஆண்கள் பக்கப் பெஞ்சுகளை நிரப்பும் தொகை அது. அந்த 1835இல் உதகையில் தூய ஸ்தேவான் ஆலயம் கட்டப்பட்டு, ஆராதனை தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டண மாளிகையிலிருந்து கொண்டுவந்த உத்தரங்களின்கீழ் அமர்ந்து ஆங்கிலேயர் கீதம் பாடிக்கொண்டிருந்த காலம்.

மற்றொரு செய்தியும் உண்டு. நீலகிரி மாவட்டக் கையேட்டை எழுதிய கிரிக் என்னும் அதிகாரி, தோடர் ஒருவர் முதல் அடி அடித்த பின்னரே மற்றக் குலத்தார் குறும்பர்மேல் கைவைப்பர் என்று பதிவு செய்திருக்கிறார். அந்தக் கையேடு 1880இல் அச்சானது. அம்மையார் இங்கு வந்ததற்கு மூன்று ஆண்டு முன்பு அது. 1882இன் கொலைகளோ முந்திய ஆண்டு நடந்தவை. ஆயுதம் அறியாத தேவர்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இம்மலையில் இரத்தக் கறை இன்னும் உலரவில்லை.

நம் சபையில் படுகர் குடும்பங்கள் உண்டு. இதை வாசிப்பவர்களில் சிலருக்கு மனம் கனக்கும் என்பதை அறிவேன். உங்கள் முன்னோர்மேல் பழிசுமத்த நான் இதை எழுதவில்லை. காரணம் தெரியாமல் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள் எங்கெங்கும் இதையே செய்திருக்கின்றனர். பெரியம்மை வந்தது, மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தது, கீழ்ச்சரிவுக் காடுகளுக்குப் போய்வந்தவர்கள் சில நாட்களில் நடுக்கமெடுத்துப் படுத்தனர். அந்தக் கீழ்ச்சரிவில்தான் குறும்பர் வாழ்ந்தனர். கொல்வது குறும்பனின் கண் என்று ஊர் முடிவு செய்தது. 1897இல் ரொனால்ட் ராஸ் மலேரியாவை ஆராய இதே நம் சீகூர் மலைச்சரிவுக்கு வந்து, தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் அந்நோயின் கிருமியைக் கண்டார். கொன்றது ஒரு கொசு. அது தெரிவதற்குள் எத்தனை குறும்பர் மடிந்தனர்!

அதே குறும்பர்தாம் படுகர் வயலில் முதல் விதை தூவ அழைக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது. ஊரைத் தீங்கிலிருந்து காக்க ஒரு குறும்பருக்குத் தானியம் அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அஞ்சிய கையாலேயே அழைத்தனர். அழைத்த கையாலேயே அடித்தனர். செங்குத்துப் பாறையில் கொடியேணியில் தொங்கித் தேன் எடுப்பவர்களும், மூதாதையர் தீட்டிய பாறையோவியங்களின் வழியில் இன்று தாளில் ஓவியம் தீட்டுபவர்களும் இந்த மக்களே. பிளாவட்ஸ்கி நூலில் இவற்றில் ஒரு மனிதனின் சாயலையாவது காணமுடிந்ததா என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, “கண்ணைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார், ஐயா” என்றார்.

அந்நூலை வாசித்து எவரும் கொலை செய்யவில்லை என்பது மெய். 1900இல் கோலெடுத்தவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியாது. நான் சாட்டும் குற்றம் வேறு. கொன்றவர்கள் தங்கள் பக்கம் சொன்ன ஒரே நியாயம், “அவன் கண்ணால் கொல்கிறான்” என்பது. அந்த நியாயத்தை எடுத்து, மெருகேற்றி, உலகுக்கு உண்மையென்று அறிவித்தது இந்த நூல். இறந்தவர் எழுந்து மறுமொழி சொல்ல வழியில்லாத வழக்கில் கொலையாளிக்காக எழுதப்பட்ட வாதம் அது. பத்துக் கட்டளைகளில் பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கட்டளை, கற்பனை எழுத்துக்கு விலக்கு எதையும் சொல்லவில்லை.

தேவராக்கப்பட்ட தோடருக்கு இதில் நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. மெலித்தா தீவில் பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போட்டபோது விரியன் பாம்பு கையைக் கவ்வியது. தீவார் முதலில் அவரைக் கொலைபாதகன் என்றனர். அவர் சாகாதிருக்கக் கண்டு, உடனே தேவன் என்றனர். இரண்டு தீர்ப்புக்கும் நடுவில், நனைந்த உடையோடு குளிரில் நடுங்கிய ஒரு மனிதனை, அதே நெருப்புக்கு விறகு சுமந்தவனை, அவர்கள் காணவில்லை. லீஸ்திராவிலோ வரிசை தலைகீழ். முதலில் மாலையும் காளைகளும், பிறகு கல். தேவனாக்குவதும் பூதமாக்குவதும் ஒரே கண்ணின் வேலை. 1901, 1902 ஆண்டுகளில் இங்கு வந்த ரிவர்ஸ் என்னும் ஆய்வாளர் மந்து மந்தாகச் சென்று, சாமுவேல் என்னும் உபதேசியாரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, தோடர் குடும்பங்களின் வம்சவரலாற்றைப் பெயர் பெயராக எழுதினார். யாருக்கு யார் மகன், யார் யாரை மணந்தார், எந்த எருமைக்கு என்ன பெயர் என்று அந்நூல் விரிகிறது. தோடருக்குள்ளும் சூனிய அச்சமும் மந்திரிப்பவரும் உண்டு, அவர்களும் குறும்பரைக் கண்டு அஞ்சினர் என்று அவர் எழுதினார். அலுப்பூட்டும் அட்டவணைகள் நிறைந்த அந்தப் பெரும் நூலில் தோடர்கள் நம்மைப்போல இருக்கிறார்கள்.

நம்மவர்களையும் சொல்லாமல் விட முடியாது. பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் ஐயர் படுகர் ஹட்டிகளில் நடந்தே ஊழியம் செய்தவர். அவருடைய நூல் 1856இல் வந்தது. உழைப்புக்கு அவரைப் போற்றுகிறோம். எனினும் அவர் பக்கங்களிலும் குறும்பர் பெரிதும் பிறருடைய அச்சத்தின் நிழலாகவே வருகின்றனர். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ், அம்மையாரின் அற்புதங்கள் வெறும் ஏமாற்று வித்தை என்று கடிதங்களை வெளியிட்டபோது கிறிஸ்தவர் பலர் கொண்டாடினர். அடையாறில் கடிதங்கள் எப்படி விழுந்தன என்பதில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், அவர் குறும்பரைப் பற்றி எழுதியதை மறுக்க அதே அக்கறையைக் காட்டியதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

ஒருவர் என்னிடம் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். சூனியக்காரியை உயிரோடே வைக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே இருக்கிறதே என்றார். இருக்கிறது. ஆனால் அதே நியாயப்பிரமாணம் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் எவரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு, அவன் பிறனுக்கு நினைத்த தண்டனையையே கொடுக்கச் சொல்கிறது. உபாகமம் 19ஐ வாசியுங்கள். காய்ச்சல் சாட்சியல்ல. செத்த எருமை சாட்சியல்ல. ஒருவருடைய கனவு சாட்சியல்ல. யாத்திராகமத்தின் அந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டனர். முதியவர் ஒருவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றனர். அவர்கள் எல்லோரும் ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள். ஐந்தாண்டு கழித்து, தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான சாமுவேல் சீவால், பாஸ்டன் ஆலயத்தில் தம் இருக்கையில் எழுந்து நின்றார். அவர் எழுதிக்கொடுத்த பாவ அறிக்கையை ஆயர் சபைமுன் வாசித்தார். நம் மலையில் கொல்லப்பட்டவர்களுக்காக எந்த ஆலயத்தில் யார் எழுந்து நின்றார்?

பழங்கதை ஏன் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அது வடக்கே என்று நாம் தோளைக் குலுக்க முடியாது. நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வாருங்கள். முழு இரவு ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், “உங்கள் வீட்டுக்குக் கிழக்கே, ‘ம’ என்ற எழுத்தில் பெயர் தொடங்கும் ஒருவர் உங்களுக்குக் கட்டு வைத்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டுக் காணிக்கையோடு கடைசிப் பேருந்தில் இறங்கிப் போய்விட்டார். கிழக்கு வீட்டில் இருந்தவர் கணவனை இழந்த தாய். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை. மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவர் திண்ணைக்குப் போகவில்லை. குழாயடியில் அவர் குடம் வந்தால் மற்றக் குடங்கள் விலகின. அவர் நம் திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிட்டபோது பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. நான் கண்ணால் கண்டேன். அந்தப் பிரசங்கியாருக்கும் பிளாவட்ஸ்கி அம்மையாருக்கும் வேறுபாடு இதுதான்: அம்மையாருக்கு நல்ல நடை வாய்த்திருந்தது.

அந்தகார வல்லமைகள் இல்லையென்று நான் பிரசங்கிக்கவில்லை. பவுல் எபேசியருக்கு எழுதியதை நம்புகிறேன். ஆனால் அவர் அங்கே சொல்வதே, நம் போராட்டம் மாம்சமும் இரத்தமுமான மனிதரோடு அல்ல என்பதுதான். ஆண்டவர் பேய்களைத் துரத்தினார். இதை ஏவியவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருமுறைகூட அவர் விரல் நீட்டியதாகச் சுவிசேஷங்களில் இல்லை. பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது அந்தக் கேள்வியையே தள்ளினார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும் அப்படியே. காரணம் தேடி மனிதனைப் பிடிக்கும் விளையாட்டுக்கு அவர் உடன்படவே இல்லை.

நூலைக் கொடுத்த தம்பியிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எரிக்கச் சொல்லவில்லை, தர்ஸ்டனின் அந்த ஒரு பக்கத்தைக் கையால் எழுதி அதற்குள் வைத்தேன். அடுத்து வாசிப்பவர் அதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

இனி ஓர் அறிவிப்பு. ஆலய வாசலிலுள்ள ஜெப விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போடுகிறவர்கள் நோயுற்றவரின் பெயரை எழுதுங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல், எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். செய்வினை வைத்தவர் என்று எவருடைய பெயராவது எழுதப்பட்டிருந்தால், அச்சீட்டைப் பலிபீடத்தண்டையில் வாசிக்கமாட்டேன். சீட்டை எடுத்துக்கொண்டு அதை எழுதியவர் வீட்டுக்கு வருவேன். வரும் புதன்கிழமை வீட்டு ஜெபம் அந்தக் கிழக்கு வீட்டுத் தாயின் இல்லத்தில், மாலை 6 மணிக்கு. தேநீர் அவரே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.